பிரஷர் லேசாக ஏறியிருக்கிறது: காத்திருப்பதா, பழக்கத்தை மாற்றுவதா, மாத்திரையா?

எனக்கு 34 வயதானபோது, வேலைக்கான உடல் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 146/94 என்று வந்தது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, படியேறினால் மூச்சு வாங்குவதும் இல்லை. அளந்தவர், “கொஞ்சம் கூடுதல், டாக்டரைப் பாருங்கள்” என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைத்தார். அன்று இரவுக்குள் மூன்று யோசனைகள் வந்து சேர்ந்தன. “உப்பைக் குறை, தானாக இறங்கும்” என்றார் அம்மா. “தள்ளிப்போடாதே, மாத்திரை ஆரம்பித்துவிடு. எனக்கு அதுதான் சரிப்பட்டது” என்றாள் அக்கா. “இந்த வயதில் பிரஷரா? டென்ஷன்தான், விடு” என்றார் நண்பர். மூவரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நான் மருத்துவர் அல்ல. மருத்துவச் செய்திகளைப் படித்து எழுதுவது என் தொழில். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: மேல் அளவு 130க்கும் 150க்கும் நடுவே நிற்கிறது, உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை, இப்போது என்ன செய்வது? இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கிறேன். முடிவை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரோடு பேசி எடுங்கள். அந்தப் பேச்சுக்குத் தயாராகப் போவதற்கு இது உதவும்.

## ‘லேசான உயர்வு’ என்றால் எவ்வளவு?

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது பதிவாவது மேல் அளவு. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே பதிவாவது கீழ் அளவு. அமெரிக்க இதய அமைப்புகளின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் மேல் அளவு 130ஐ அல்லது கீழ் அளவு 80ஐத் தொட்டாலே அது உயர் ரத்த அழுத்தத்தின் முதல் கட்டம். 140/90ஐத் தொட்டால் இரண்டாம் கட்டம். ஐரோப்பிய இதயவியல் கழகம் 2024இல் வேறு விதமாகக் கோடு போட்டது. அங்கே 140/90இலிருந்துதான் உயர் ரத்த அழுத்தம். 120/70 முதல் 140/90க்குக் கீழ் வரை இருப்பது ‘கூடிய அழுத்தம்’ என்ற தனி வகை. உலக சுகாதார நிறுவனம் 2021இல், வேறு நோய் இல்லாதவர்களுக்கு 140/90இலிருந்து மாத்திரை தொடங்கலாம் என்றது.

ஆக, 134/84 உள்ள ஒருவர் ஓர் ஏட்டின்படி நோயாளி, இன்னோர் ஏட்டின்படி நோயாளி இல்லை. மருத்துவருக்கு மருத்துவர் பேச்சு மாறுவதற்கு இது ஒரு காரணம். அதனால் அவர்களில் யாரோ தவறு செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

இளையவர்களிடம் கீழ் அளவு மட்டும் ஏறியிருப்பதும் அடிக்கடி காணப்படுவதுதான். ‘மேல் அளவு சரியாகத்தானே இருக்கிறது’ என்று அதை ஒதுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 180/120ஐத் தாண்டிய அளவோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல், பார்வைக் கோளாறு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இந்த ஒப்பீடெல்லாம் பொருந்தாது. அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு 140/90ஏ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அளவு.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில், எண் உண்மையானதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள், ஒரு முறை அளந்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

அடுத்தது, கூட என்ன இருக்கிறது என்பது. சர்க்கரை நோய், சிறுநீரில் புரதம், சிறுநீரகக் குறைபாடு, புகைப் பழக்கம், கெட்ட கொழுப்பு, பெற்றோருக்கு இளம் வயதிலேயே வந்த மாரடைப்பு. இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதே 138/88இன் பொருள் மாறிவிடுகிறது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஓர் இசிஜி. இந்த எளிய சோதனைகள் செய்யாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

மூன்றாவது, பின்னால் வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்பது. இளம் வயதில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். சிறுநீரக நோய், சிறுநீரகத் தமனி குறுகுதல் (இளம் பெண்களிடம் தமனிச் சுவர் நார் தடிப்பதால் வருவது), அட்ரினல் சுரப்பி, உப்பை உடலில் தேக்கும் ஆல்டோஸ்டிரான் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரத்தல், தைராய்டு கோளாறு, பிறவியிலேயே பெருந்தமனி குறுகியிருத்தல், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. நாமே விழுங்குபவையும் உண்டு: கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் கலந்த வகை, ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள், சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மருந்துகள், கவனக் குறைபாட்டுக்குத் தரும் ஊக்க மருந்துகள், தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகள், எனர்ஜி பானங்கள். மருத்துவரிடம் போகும்போது இந்தப் பட்டியலில் நீங்கள் எடுப்பதைச் சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நான்காவது, காலம். இதில்தான் இளையவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அடுத்த பத்தாண்டில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் கருவிகளில் வயதுக்குத்தான் பெரும்பங்கு. 32 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு எப்போதும் சிறிய எண்ணைத்தான் காட்டும். ஆனால் அவர் அந்த அழுத்தத்தைச் சுமக்கப் போவது பத்தாண்டு அல்ல, நாற்பது ஐம்பது ஆண்டு. இதனால்தான் 2023இல் அமெரிக்காவில் வெளியான ‘பிரிவென்ட்’ என்ற கணக்கீடு 30 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு முப்பதாண்டு வாய்ப்பையும் தருகிறது. ‘கார்டியா’ என்ற ஆய்வு 1985-86இல் 18 முதல் 30 வயது வரை இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் 4,851 பேரைப் பற்றி 2018இல் வெளிவந்த கணக்கில், 40 வயதுக்கு முன்பே முதல் கட்ட உயர் அழுத்தம் இருந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்கள் வந்த விகிதம், இயல்பான அழுத்தம் இருந்தவர்களைப் போல ஏறத்தாழ 1.75 மடங்கு. நோய் வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை குறைவுதான், பதற வேண்டியதில்லை. ஆனால் ‘இந்த வயதில் ஒன்றும் செய்யாது’ என்ற நண்பரின் பேச்சு இந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை.

கடைசியாக இரண்டு சொந்தக் கேள்விகள். தேர்ந்தெடுக்கும் வழியை ஓராண்டு கழித்தும் செய்துகொண்டிருப்பீர்களா? குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் உண்டா?

## முதல் வழி: சரியாக அளந்து, காத்திருந்து பார்ப்பது

என்னுடைய 146/94 எப்படி வந்தது என்று பிறகு நினைத்துப் பார்த்தேன். இரண்டு மாடி ஏறி வந்து உட்கார்ந்த கையோடு அளந்தார்கள். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டை காற்றேறி இறுகும்போது, “என்ன உயரம், என்ன எடை?” என்று கேட்க, நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவை ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றக்கூடியவை. கையை மேசை மேல் தாங்கலாக வைக்காமல் தொங்கவிட்டால் மேல் அளவு சராசரியாக 6.5 கூடுகிறது என்றும், மடியில் வைத்தால் ஏறத்தாழ 4 கூடுகிறது என்றும் 2024இல் ஓர் ஆய்வு காட்டியது. கைப்பட்டை தேவையைவிட ஓர் அளவு சிறியதாக இருந்தால் ஏறத்தாழ 5 கூடும், இரண்டு அளவு சிறியதென்றால் 19க்கும் மேல் கூடும் என்று 2023இல் இன்னோர் ஆய்வு. பருத்த கையும் தசை வளர்ந்த கையும் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பேசுவது, சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பது, கால்மேல் கால் போடுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

எனவே வீட்டில் அளந்தேன். முறை இதுதான்: மேற்கையில் கட்டும், தரம் சோதிக்கப்பட்ட கருவி, அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, புகை, உடற்பயிற்சி கூடாது, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், வெறும் கையில் பட்டை, இதய மட்டத்தில் கை. காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி. எனக்கு 133/84 வந்தது. 146க்கும் 133க்கும் நடுவே இருந்த 13, என் ரத்தக்குழாயில் இல்லை. என்னை அளந்த விதத்திலும் அன்றைய பதற்றத்திலும் இருந்தது. ஆனால் மீதமிருந்த 133/84 உண்மையானது, அதுவும் கூடுதல்தான்.

மருத்துவமனையில் மட்டும் ஏறுவதை ‘வெள்ளைக் கோட்டு உயர் அழுத்தம்’ என்பார்கள். இதற்கு நேர்மாறாக, மருத்துவமனையில் சரியாகவும் வீட்டிலும் வேலையிடத்திலும் கூடுதலாகவும் இருப்பவர்களும் உண்டு. அது இன்னும் கவலைக்குரியது, ஏனென்றால் யார் கண்ணிலும் படாது. சந்தேகம் தீர 24 மணி நேரம் கையில் கட்டிக்கொள்ளும் கருவி இருக்கிறது. மருத்துவமனை அளவான 140/90க்கு வீட்டுச் சராசரியில் 135/85ஐயும், 24 மணி நேரச் சராசரியில் 130/80ஐயும் இணையாகக் கொள்கிறார்கள்.

உயரமான, ஒல்லியான இளைஞர்கள் சிலருக்கு மேல் அளவு மட்டும் 140ஐத் தாண்டும். அவர்களுடைய தமனிகள் நல்ல மீள்தன்மை உள்ளவை. துடிப்பலை இதயத்திலிருந்து கைக்கு வந்து சேர்வதற்குள் உயர்ந்துவிடுகிறது. இதயத்தின் அருகே அழுத்தம் இயல்பாகவே இருக்கலாம். இவர்களுக்கு அவசரப்பட்டு மாத்திரை தராமல் 24 மணி நேர அளவைப் பார்ப்பது நல்லது. ஆனால் எல்லா இளைஞருக்கும் இந்த விளக்கத்தைப் பொருத்திப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது.

இந்த வழியின் மறைமுகச் செலவு மறதி. ‘ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்’ என்றவர் ஆறு ஆண்டு கழித்து வந்த கதை எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே உண்டு. வலி இருந்தால் நினைவூட்டும். இங்கே வலியே கிடையாது. இன்னொரு செலவு இதற்கு எதிர்ப்புறம்: நாளுக்குப் பத்து முறை அளந்து, ஒவ்வோர் எண்ணுக்கும் பயந்து, அந்தப் பயத்திலேயே அடுத்த எண்ணை ஏற்றிக்கொள்வது. மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் அளந்தால் போதும். மற்ற நாட்களில் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

## இரண்டாம் வழி: பழக்கங்களை மாற்றுவது

இந்த வயதில், இந்த அளவில், பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் ‘ஆரோக்கியமாக இருங்கள்’ என்ற மேம்போக்கான அறிவுரையால் ஒரு புள்ளிகூட இறங்காது. எது எவ்வளவு இறக்கும் என்று தெரிந்தால்தான் எதில் முதலில் உழைப்பைப் போடுவது என்று முடிவுசெய்ய முடியும்.

எடை: கூடுதல் எடை உள்ளவர்களுக்கு, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்குகிறது. 8 கிலோ கூடுதலாக இருப்பவருக்கு இதைவிடப் பெரிய நெம்புகோல் வேறில்லை. எடை சரியாக இருப்பவருக்கு இந்த வரி பொருந்தாது.

உணவு: காய், பழம், முழுத் தானியம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் மிகுந்த ‘டேஷ்’ உணவுமுறையை 1997இல் 459 பேரிடம் சோதித்தார்கள். உப்பையும் எடையையும் மாற்றாமலேயே, உயர் அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 இறங்கியது. இரண்டே வாரத்தில் அந்த இறக்கம் தெரிந்துவிட்டது. உப்பையும் சேர்த்துக் குறைத்தால் இன்னும் இறங்கும் என்று 2001இல் அடுத்த ஆய்வு காட்டியது.

உப்பு: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பொட்டலத்தில் வரும் தின்பண்டம், ரொட்டி, சாஸ், பதப்படுத்திய இறைச்சி, வெளியில் வாங்கும் சாப்பாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் அடக்கம். மேசையில் உப்புக் குப்பியை எடுத்து மறைப்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள், அதிகம் வரும் வழியைத் திறந்தே வைத்திருக்கலாம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும் உதவும். சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. அவர்கள் வயதானவர்கள், ஏற்கெனவே பக்கவாதமோ உயர் அழுத்தமோ வந்தவர்கள். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக் கூடாது.

உடற்பயிற்சி: வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை அல்லது அதற்கு ஈடான பயிற்சி என்பது பொது அறிவுரை. 2023இல் 270 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் வேறொன்றையும் காட்டியது. அசையாமல் தசையை இறுக்கி நிற்கும் பயிற்சிகளில் மேல் அளவு சராசரியாக 8 இறங்கியது; நடை, ஓட்டம் போன்றவற்றில் இறங்கியது அதில் ஏறத்தாழ பாதி. நான் எடுத்துக்கொண்டது சுவரில் சாய்ந்து உட்காரும் பயிற்சி. முதுகு சுவரில், தொடை தரைக்குக் கிடையாக, நாற்காலி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தது போல. இரண்டு நிமிடம் உட்கார்ந்து, இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு முறை, வாரத்துக்கு மூன்று நாள். முதல் நாள் நாற்பதாவது நொடியில் தொடை நடுங்கத் தொடங்கியது. அப்போது கொஞ்சம் மேலே ஏறி உட்காரலாம், அது தப்பில்லை. மூச்சை மட்டும் அடக்கக் கூடாது; அடக்கினால் அந்த நேரத்தில் அழுத்தம் எகிறும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கைப்பிடியை இறுக்கும் பயிற்சி இருக்கிறது. நடையை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

மது: அதிகம் குடிப்பவர் குறைத்தால் நன்றாக இறங்கும். புகையை விடுவதால் எண் பெரிதாக மாறாமல் போகலாம், ஆனால் மாரடைப்பைத் தள்ளிவைப்பதில் அதற்கு ஈடு இல்லை. பெருங்குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூச்சுப் பயிற்சியும் தியானமும் கொஞ்சம் உதவும். அவற்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

இனி மறைமுகச் செலவு. உணவை மாற்றுவது ஒருவர் காரியம் இல்லை. ஒரே அடுப்பில் சமைத்து எல்லோரும் சாப்பிடும் வீட்டில் ஒருவருக்காக உப்பைக் குறைத்தால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். சமைப்பவர் நீங்கள் இல்லையென்றால் அந்தச் சுமை வேறொருவர் தலையில் விழுகிறது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கியவர்கள் மூன்றாவது வாரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு அதிகம் இறக்கக்கூடிய இரண்டை மட்டும் எடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. பழக்கத்தை மாற்ற முடியாமல் போனவர்கள் அதைத் தங்கள் குற்றமாக எடுத்துக்கொண்டு, மருத்துவரைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் இறங்காத உடம்புகள் உண்டு. பரம்பரை அவ்வளவு வலுவானது. அதனால் இந்த வழிக்குத் தொடக்க நாளைப் போல முடிவு நாளும் வேண்டும். மற்ற ஆபத்துகள் குறைவாக உள்ள முதல் கட்டத்தினருக்கு 2025ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் சொல்வது மூன்று முதல் ஆறு மாதம். அதற்குப் பிறகும் 130/80க்குக் கீழே வரவில்லையென்றால் மாத்திரை.

## மூன்றாம் வழி: மாத்திரை

“ஒரு தடவை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க விடவே முடியாதாமே?” மாத்திரை என்றதும் எல்லோரும் கேட்பது இதுதான். ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு உடம்பு அடிமையாவதில்லை. மாத்திரையை விட்டால் அழுத்தம் பழைய இடத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். ‘டிராஃபி’ என்ற ஆய்வு 2006இல் இதைத் தெளிவாகக் காட்டியது. எல்லைக்கோட்டு அழுத்தம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு ஆண்டு காண்டிசார்டன் மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்த காலத்தில் உயர் அழுத்தமாக முற்றுவது 66 சதவீதம் குறைந்திருந்தது. நிறுத்தி மேலும் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் 16 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. எடை குறைந்து, பழக்கம் மாறி, மருத்துவர் பார்வையில் அளவைக் குறைத்து மாத்திரையை விட்டவர்களும் இருக்கிறார்கள். தானாக நிறுத்துவதுதான் கூடாது.

முதலில் தரப்படுபவை பெரும்பாலும் நான்கு வகை. ‘பிரில்’ என்று முடியும் ஏசிஇ தடுப்பான்கள், ‘சார்டன்’ என்று முடிபவை, அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பான்கள், தயசைடு வகைச் சிறுநீர் மாத்திரைகள். ஒரு மாத்திரை மேல் அளவைச் சராசரியாக 9 புள்ளி இறக்கும். வழக்கமான அளவில் பாதி எடுத்தாலே முழுப் பலனில் ஏறத்தாழ 80 சதவீதம் கிடைத்துவிடுகிறது. பக்க விளைவு குறைகிறது. குறைந்த அளவில் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்விதான்.

பக்க விளைவுகளை மறைக்கத் தேவையில்லை. ‘பிரில்’ வகையில் பத்தில் ஒருவர் வரை வறட்டு இருமல். அரிதாக உதடும் நாக்கும் வீங்கும், வீங்கினால் அவசர சிகிச்சை. அம்லோடிபினில் கணுக்கால் வீக்கம். தயசைடில் சோடியமும் பொட்டாசியமும் குறையலாம், யூரிக் அமிலம் கூடலாம். ‘பிரில்’, ‘சார்டன்’ தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். ஆண்மை குறையுமோ என்ற பயத்தை இளைஞர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் குறை, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான்களோடும் தயசைடுகளோடும்தான் அதிகம் பேசப்படுகிறது. மற்ற மூன்று வகைகளில் பெரும்பாலும் இல்லை. கேட்டால் மாற்றித் தருவார்கள்.

பெண்கள் தவறவிடக் கூடாத ஒன்று: ‘பிரில்’, ‘சார்டன்’ இரண்டும் கர்ப்பத்தில் கருவுக்குக் கேடு. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மாற்ற வேண்டும். லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவை கர்ப்பத்தில் பயன்படுத்தப்படுகின்றன.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். அழுத்தத்தை நன்றாக இறக்குவதன் பலனைக் காட்டிய பெரிய ஆய்வான ‘ஸ்பிரின்ட்’ 2015இல் 9,361 பேரைக் கொண்டு வெளிவந்தது. அவர்கள் எல்லோரும் 50 வயது அல்லது அதற்கு மேற்பட்டவர்கள். லேசான உயர்வு உள்ள முப்பது வயதுக்காரருக்கு மாத்திரை மாரடைப்பைத் தடுக்கிறது என்று அதே வலுவோடு நிறுவ, அந்த வயதில் அவ்வளவு நோய் நிகழ்வதே இல்லை. வயதானவர்களிடம் கண்டதையும் நீண்டகாலப் பின்தொடர்தலில் கண்டதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். வேறு ஆபத்து எதுவும் இல்லாத இளையவருக்கு முதல் நாளே மாத்திரை வேண்டாம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

மாத்திரையின் மறைமுகச் செலவு, அது தரும் நிம்மதி. எண் இறங்கிவிட்டது என்று நடையை விட்டவர்களுக்கு எடை ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, ஒன்று இரண்டாகிறது மாத்திரை.

பூண்டு மாத்திரை, பீட்ரூட் சாறு, மக்னீசியம் என்று இன்னொரு வழியும் சொல்லப்படுகிறது. சிலவற்றால் சில புள்ளிகள் இறங்கலாம். மேலே சொன்ன மூன்றில் எதற்கும் இவை மாற்று ஆகாது. நான் இவற்றைத் தேர்வுப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | அளந்து காத்திருத்தல் | பழக்க மாற்றம் | மாத்திரை |
|---|---|---|---|
| எவ்வளவு இறங்கும் | இறக்காது. உண்மை எண்ணைத் தரும் | தொடர்ந்து செய்தால் 5 முதல் 15 வரை | ஒரு மாத்திரைக்கு ஏறத்தாழ 9 |
| தெரிய ஆகும் காலம் | ஒரு வாரம் | 2 வாரம் முதல் 6 மாதம் | சில வாரம் |
| மறைமுகச் செலவு | மறதி அல்லது ஓயாத அளவெடுப்பு | வீட்டாரின் ஒத்துழைப்பு, குற்ற உணர்வு | ரத்தச் சோதனைகள், பக்க விளைவு, போலி நிம்மதி |
| கர்ப்பத் திட்டம் இருந்தால் | மருத்துவர் கண்காணிப்போடு மட்டும் | தடையில்லை. எடையை முன்பே குறைப்பது நல்லது | வகையை மாற்ற வேண்டியிருக்கும் |
| யாருக்கு முதல் தேர்வு | ஒரே ஒரு முறை அளந்தவர் | 130-139/80-89, வேறு ஆபத்து இல்லாதவர் | 140/90 உறுதியானவர், அல்லது சர்க்கரை, சிறுநீரகச் சிக்கல் உள்ளவர் |

## யாருக்கு எது

வீட்டுச் சராசரி 130/80க்குக் கீழே இருந்தால் முதல் வழி போதும், ஆண்டுக்கு ஒரு முறையாவது அளந்துகொண்டு. காய்ச்சல், வலி, தூக்கமில்லாத வாரம், சளி மருந்து ஆகியவற்றுக்கு நடுவே அளந்த எண்ணும் அப்படித்தான்; அவை தீர்ந்த பிறகு திரும்ப அளக்க வேண்டும்.

வீட்டுச் சராசரி 130/80க்கும் 135/85க்கும் நடுவே, சோதனைகள் எல்லாம் சரி என்றால், முடிவு நாளைக் குறித்துக்கொண்டு இரண்டாம் வழி. 135/85ஐத் தாண்டினால், 24 மணி நேர அளவாலும் உறுதியானால், மாத்திரையையும் பழக்க மாற்றத்தையும் சேர்த்தே தொடங்கலாமா என்று பேசுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரில் புரதமோ இருந்தால் 130/80இலேயே அந்தப் பேச்சு வர வேண்டும். 30 வயதுக்கு முன்பே 140/90 உறுதியானாலோ, பொட்டாசியம் காரணமில்லாமல் குறைந்திருந்தாலோ, எந்த வழிக்கும் முன்னால் மறைந்திருக்கும் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு மாத்திரை சரிப்பட்டது என்றேன். அவளுக்கு வீட்டுச் சராசரியே 144/93. சிறுநீரில் அல்புமின் இருந்தது. அவளுக்கு மாத்திரை தொடங்கியது சரியான முடிவு. இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிட்டபோது ‘சார்டன்’ மாத்திரையை நிறுத்தி லபெட்டலால் எழுதித் தந்தார்கள். என்னிடம் அவள் சொன்ன யோசனை அவளுக்குப் பொருந்தியது, எனக்குப் பொருந்தவில்லை.

நான் ஐந்து மாதத்தில் 124/79க்கு வந்தேன். 6 கிலோ குறைந்ததும் சுவர்ப் பயிற்சியும்தான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டு அப்படியே நின்றது. போன வருடம் இரவு வேலைக்கு மாறினேன். தூக்கமும் சாப்பாட்டு நேரமும் குலைந்தன. கடைசியாக அளந்த வாரத்தின் சராசரி 134/86. மறுபடியும் மூன்று மாதம் குறித்திருக்கிறேன். அந்த நாளிலும் 130க்கு மேல் நின்றால் இந்த முறை குறைந்த அளவு மாத்திரை ஒன்றைத் தொடங்கிவிடுவது என்று மருத்துவரோடு பேசி வைத்திருக்கிறேன்.